பார் லாப்: ஒரு பந்தயக் குதிரையும் அதன் காலமும்

வரலாறு என்பது மன்னர்களின் வரிசையும் போர்களின் பட்டியலுமே என்ற கருத்து இன்று பெரிதும் மாறிவிட்டது. உழைப்போரும் உழைப்பும், உணவும் உடையும், விளையாட்டும் கேளிக்கையும் வரலாற்றாசிரியனின் ஆய்வுக்கு உரியனவாயின. ஆயினும் ஒரு குதிரையின் வாழ்க்கையை எழுதப்போவதாகக் கூறியபோது நண்பர் ஒருவர் நகைத்தார். “பிறந்தது, ஓடியது, வென்றது, இறந்தது, இதில் எழுத என்ன இருக்கிறது?” என்பது அவர் வினா. அவ்வினா நியாயமானதே. எனினும், ஓர் உயிர் யாருக்காக ஓடியது, அதன் ஓட்டத்தால் யார் பயன்பெற்றனர், அது இறந்தபின் அதனை யார் யார் தமதென்றனர் என்று கேட்கத் தொடங்கினால், குதிரையின் கதை மனிதரின் கதையாகிவிடுகின்றது. 1926 ஆம் ஆண்டு நியூசிலாந்திலே பிறந்து, அவுஸ்திரேலியாவிலே புகழ் பெற்று, 1932 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மாண்ட பார் லாப் என்னும் பந்தயக் குதிரையின் வாழ்வை அந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இனவழியும் சந்தையும்

பார் லாப் ‘தரோபிரெட்’ எனப்படும் இனத்தைச் சேர்ந்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலே உருவாக்கப்பட்ட இனம் இது. கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆண்குதிரைகளை உள்நாட்டுப் பெண்குதிரைகளுடன் சேர்த்து, வேகம் ஒன்றையே இலக்காகக் கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததன் பேறு இது. இன்றுள்ள தரோபிரெட் குதிரைகள் யாவும் ஆண்வழியில் டார்லி அரேபியன், பையர்லி ரேர்க், கொடொல்பின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் ஒன்றன் வழிவந்தவை. 1791 ஆம் ஆண்டு இனவழிப் பதிவேடு அச்சேறியது. நிலவுடைமையாளர் தம் குலமுறையைப் பேணியது போலவே தம் குதிரைகளின் குலமுறையையும் ஏட்டிலே பேணினர்.

ஆங்கிலேயர் குடியேறிய இடமெல்லாம் பந்தயத் திடலும் உடன் சென்றது. அவுஸ்திரேலியாவிலே 1861 ஆம் ஆண்டு மெல்பேண் கிண்ணப் பந்தயம் ஆரம்பிக்கப்பட்டது. நவம்பர் மாதத்து முதற் செவ்வாய்க்கிழமை இரண்டு மைல் தூரத்துக்கு ஓடப்படும் இப்பந்தயம், காலப்போக்கில் அந்நாட்டின் பெருவிழாவாகவே ஆயிற்று. 1890 ஆம் ஆண்டு கார்பைன் என்ற குதிரை 145 இறாத்தல் பாரத்தைச் சுமந்து இக்கிண்ணத்தை வென்றது. அப்பெயரை ஈண்டு நினைவில் நிறுத்துதல் வேண்டும். ஏனெனில் பார் லாப்பின் விலை பேசப்பட்டபோது பேசப்பட்டது அதன் உடலன்று, கார்பைனுடன் அதற்கிருந்த இரத்த உறவே.

பார் லாப் 1926 ஒக்ரோபர் 4 ஆம் திகதி, நியூசிலாந்தின் தென்தீவிலே, திமாரு நகருக்கு அருகேயுள்ள சீடவுன் என்ற இடத்திலே பிறந்தது. தந்தை நைற் றெயிட், தாய் என்றீட்டி. சிட்னியிலே சிறிய லாயம் ஒன்றை நடத்திவந்த ஹரி ரெல்போர்ட் என்ற பயிற்றுநர், விற்பனைப் பட்டியலிலே இக்குட்டியின் குலமுறையைக் கண்டு கவரப்பட்டார். அவரிடம் பணமில்லை. ஆகவே சிட்னியிலிருந்த அமெரிக்க வணிகரான டேவிட் டேவிஸ் என்பவரை இணங்கச் செய்தார். 1928 ஜனவரியில் ட்ரென்தம் ஏலத்திலே ரெல்போர்ட்டின் சகோதரர் குட்டியை 160 கினிக்கு வாங்கினார்.

குட்டி சிட்னியில் வந்திறங்கியபோது டேவிஸ் கொண்ட ஏமாற்றம் பெரிது. நெட்டையான கால்கள், ஒவ்வாத நடை, முகமெங்கும் பாலுண்ணிகள். இதற்குப் பயிற்சிச் செலவு செய்ய இயலாதென அவர் மறுத்துவிட்டார். அதன்பின் செய்யப்பட்ட ஒப்பந்தமே கவனத்துக்குரியது. ரெல்போர்ட் குதிரையை மூன்றாண்டு குத்தகைக்கு எடுத்தார். தீனியும் பயிற்சியும் அவர் பொறுப்பு. கிடைக்கும் பரிசிலே மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு. மூன்றில் ஒன்று உரிமையாளருக்கு. நம்பிக்கையற்ற நிலத்தை வாரத்துக்கு விடும் நிலச்சொந்தக்காரனின் செயலை இது ஒத்திருக்கின்றது. விளைந்தால் பங்கு, விளையாவிடின் நட்டம் பயிரிட்டவனுக்கு.

பெயரின் கதை

குதிரையின் பெயரும் ஆராயத்தக்கது. சிட்னிப் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் பயின்ற ஓபிரி பிங் என்ற மாணவர் இதனை முன்மொழிந்தார் என்பர். தாய்லாந்து மொழியிலும், தென்சீனாவில் வாழும் சுவாங் மக்களின் மொழியிலும் மின்னலைக் குறிக்கும் சொல் இது. வென்ற குதிரைகள் பலவற்றின் பெயர்கள் இரு சொல்லும் ஏழெழுத்தும் கொண்டவையென்ற நம்பிக்கையினால், ஆங்கில எழுத்துக்கள் ஏழாக அமையுமாறு அது எழுதப்பட்டது.

நமக்குச் சுவை தரும் செய்தி வேறொன்றுண்டு. இப்பெயர் சிங்களச் சொல்லென்று அவுஸ்திரேலிய எழுத்துக்கள் சிலவற்றிற் கூறப்பட்டதுண்டு. சிங்களத்திலே மின்னலுக்கு விதுலிய, அகுணு முதலிய சொற்கள் வழங்குவதை இந்நாட்டவர் எவரும் அறிவர். பார் லாப்பிற்கு நெருங்கிய சொல் எதுவும் அங்கில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபாராது எடுத்தாளும்போது தவறு எவ்வாறு மரபாகின்றது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. குதிரையின் வரலாறு முழுவதிலும் இத்தகைய எச்சரிக்கை நமக்குத் தேவைப்படும்.

தோல்வியும் எழுச்சியும்

ரெல்போர்ட் கடும் பயிற்சியிலே நம்பிக்கை கொண்டவர். சிட்னியின் மணற்குன்றுகளிலே குதிரையை ஏறவும் இறங்கவும் ஓடவைத்தார். காயடிக்கப்பட்டதனால் அதன் கவனம் சிதறாதென எதிர்பார்த்தார். ஆனால் அதனாலேயே அதன் குலமுறை அதனோடு முடிந்துவிடும் என்பதும் உறுதியாயிற்று. குலமுறைக்காக வாங்கப்பட்ட குதிரை குலமின்றிப் போனது இக்கதையின் முரண்களுள் ஒன்று.

1929 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓடிய முதற் பந்தயத்திலே பார் லாப் கடைசியாக வந்தது. அதனையடுத்த ஓட்டங்களிலும் பயனில்லை. ஏப்ரல் 27 ஆம் திகதி றோஸ்ஹில் திடலிலே, ஐந்தாவது ஓட்டத்தில், முதல் வெற்றி கிடைத்தது. பின்னரும் தோல்விகள் தொடர்ந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியிலேதான் அதன் உடல் முதிர்ந்து வலுப்பெற்றது. செப்ரெம்பரிலிருந்து றோஸ்ஹில் கினிப் பந்தயம், சிட்னியின் டார்பி, விக்ரோறியா டார்பி ஆகியவை அடுத்தடுத்து அதன் வசமாயின. அவ்வாண்டு மெல்பேண் கிண்ணத்திலே பொதுமக்களின் பெருநம்பிக்கைக்கு உரியதாக இறங்கி மூன்றாவதாக வந்தது. வயது குறைந்த குதிரைக்கு விதிக்கப்பட்ட பாரம் மிகக் குறைவாக இருந்ததால் வழக்கமாக ஓட்டும் ஜிம் பைக் அந்த எடைக்குள் அடங்க இயலவில்லை, வேறொருவர் ஓட்டினார். அவர் கடிவாளத்தை இழுக்க, குதிரை முன்னேறத் துடிக்க, வலிமை வீணாயிற்று என்பர்.

எண்களைத் தொகுத்து நோக்கின் இவ்வளர்ச்சி தெளிவாகும். பார் லாப் மொத்தம் 51 முறை ஓடி 37 முறை வென்றது. முதல் 16 ஓட்டங்களில் வெற்றி ஐந்தே. 1930 மார்ச் மாதத்துச் சென் லெஜர் பந்தயத்திலிருந்து இறுதிவரை ஓடிய 35 ஓட்டங்களில் வெற்றி 32. அதாவது, பிறவித் திறமை என்று போற்றப்படுவதன் பின்னால் ஓராண்டுக்கால இடைவிடாப் பயிற்சியும் தொடர் தோல்வியும் உண்டு. புகழுரைகள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன.

இங்கு ரொமி வூட்கொக் என்ற இளைஞரைக் குறிப்பிடாது அப்பாற் செல்லுதல் தகாது. குதிரையின் பராமரிப்பாளர் அவர். உரிமையும் அவருக்கில்லை, பரிசிற் பங்கும் அவருக்கில்லை. ஆயினும் குதிரையை ‘பொபி’ என்றழைத்து, அதன் லாயத்தருகிலேயே உறங்கி எழுந்தவர் அவரே. அவர் கையால் வைத்தாலன்றி அது உண்ண மறுத்தது என்று கூறுவர். ஒப்பந்தத்தாளில் இடம்பெறாத அந்த உழைப்பே குதிரையை உருவாக்கியது எனில் மிகையாகாது.

1930 நவம்பர்

இக்குதிரையின் வாழ்விலே உச்சமான வாரம் 1930 நவம்பர் முதல் வாரமாகும். அதற்குச் சில வாரங்கள் முன்பு கோல்பீல்ட் கிண்ணத்திலிருந்து பார் லாப் பிந்திய வேளையில் விலக்கிக் கொள்ளப்பட்டது. அமூனிஸ் என்ற குதிரை அதனை வென்றது. கோல்பீல்டில் அமூனிஸ், மெல்பேணில் பார் லாப் என்று இரண்டையும் சேர்த்துப் பணங்கட்டியோர் பலர். பார் லாப் மெல்பேண் கிண்ணத்தையும் வெல்லுமாயின் பந்தயப் பணம் ஏற்கும் புக்கிமார் பெருந்தொகை கொடுக்க வேண்டியவராவர்.

நவம்பர் 1 ஆம் திகதி, சனிக்கிழமை அதிகாலை. பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த குதிரையை நோக்கிக் காரிலிருந்து துப்பாக்கியாற் சுட்டனர். அருகே மட்டக்குதிரையிற் சென்ற வூட்கொக் இடையிலே புகுந்து காத்தார். குண்டு படவில்லை. சுட்டவர் யாரென்பது நிறுவப்படவில்லை. அன்று பிற்பகலே பார் லாப் பிளெமிங்ரன் திடலில் ஓடி வென்றது. பின்னர் ஜீலோங் நகரருகேயுள்ள பண்ணையொன்றிலே மறைத்துவைக்கப்பட்டு, செவ்வாய்க்கிழமை காவலுடன் கொண்டுவரப்பட்டது.

நவம்பர் 4 ஆம் திகதி 138 இறாத்தல் பாரத்துடன், ஜிம் பைக் ஓட்ட, பார் லாப் மெல்பேண் கிண்ணத்தை மூன்று குதிரை நீளத்தால் வென்றது. அதன் வெற்றியில் மக்கள் வைத்த நம்பிக்கை எத்தகையதெனில், 11 பவுண் கட்டியவனுக்கு 8 பவுணே இலாபமாகக் கிடைக்கும் நிலை இருந்தது. அதே வாரத்தில் வியாழனும் சனியும் மேலும் இரு வெற்றிகள். எட்டு நாட்களுள் நான்கு பந்தயம், நான்கிலும் வெற்றி. இதனைச் சாதனையென்று போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கான ஓர் உயிரை அன்றே ஓடவைத்ததும், இரண்டு மைல் ஓடிய களைப்பு ஆறுமுன் மீண்டும் இருமுறை ஓடவைத்ததும் பரிசுப் பணமேயன்றி வேறன்று.

மந்தமும் மக்களும்

இவையெல்லாம் நிகழ்ந்த காலம் எத்தகையது? 1929 ஒக்ரோபரிலே நியூ யோர்க் பங்குச் சந்தை வீழ்ந்ததையடுத்து உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. கம்பளி, கோதுமை ஏற்றுமதியையும் இலண்டன் கடனையும் நம்பியிருந்த அவுஸ்திரேலியா கடுமையாகத் தாக்கப்பட்டது. 1930 இல் இங்கிலாந்து வங்கியின் சார்பில் வந்த ஒட்டோ நைமையர் செலவைக் குறைக்குமாறு வலியுறுத்தினார். 1931 ஜனவரியில் நடுத்தீர்ப்பு நீதிமன்றம் அடிப்படைக் கூலியைப் பத்து வீதத்தாற் குறைத்தது. 1932 அளவில் தொழிலாளர் மூவரில் ஏறத்தாழ ஒருவர் வேலையின்றி இருந்தார்.

இத்தகைய இருளிலே பார் லாப் மக்களுக்கு நம்பிக்கை அளித்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கூற்று. அதே ஆண்டில் இங்கிலாந்திலே 974 ஓட்டங்களைக் குவித்த பிரட்மனையும் இத்துடன் சேர்த்துப் பேசுவது வழக்கம். இக்கூற்றில் உண்மையுண்டு. யாரும் விரும்பாத அவலட்சணக் குட்டி, வறிய பயிற்றுநர், கூலிக்கு உழைத்த பராமரிப்பாளர் என்ற மூவரும் செல்வர் வீட்டுக் குதிரைகளை வெல்லும் காட்சி, வேலையிழந்தோர் மனத்தைத் தொட்டதில் வியப்பில்லை.

ஆயின் இக்கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்வதும் இயலாது. 1926 இல் மெல்பேண் கிண்ணத்துக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். பார் லாப் வென்ற 1930 இலோ கூட்டம் பெருமளவு குறைந்திருந்தது. நுழைவுச் சீட்டுக்கே வழியில்லாதவர் பலர். அவர்கள் வானொலியிற் கேட்டனர்; பத்திரிகையில் வாசித்தனர். கையிலிருந்த சில்லறையையும் புக்கியிடம் கொடுத்தோரும் உளர். குதிரை அவர்களுக்குக் களிப்பூட்டியது. ஆனால் அடுப்பை எரிக்கவில்லை. களிப்பை இகழ வேண்டியதில்லை. எனினும் ஆறுதல் வேறு, விமோசனம் வேறு. மந்தத்தின் துயரை ஒரு குதிரை போக்கியது என்று பிற்காலத்தார் எழுதும்போது, அத்துயருக்குக் காரணமாயிருந்தோரும் அதனை எதிர்த்துப் போராடியோரும் ஒருங்கே மறக்கப்படுகின்றனர்.

வெற்றிக்குத் தண்டனை

பார் லாப்பின் பிற்காலத்தை அறிய ‘ஹண்டிகப்’ முறையை விளங்கிக்கொள்ள வேண்டும். எல்லாக் குதிரைகளுக்கும் வெல்லும் வாய்ப்பைச் சமப்படுத்துவதற்காகச் சிறந்த குதிரைக்குக் கூடிய பாரமும் நலிந்த குதிரைக்குக் குறைந்த பாரமும் விதிப்பதே அம்முறை. சவாரிக்காரரின் எடை போதாவிடின் சேணத்திலே ஈயம் வைக்கப்படும். வெளித்தோற்றத்திற்கு இது நீதியாகத் தோன்றும். ஆனால் இதன் உட்பொருள் வேறு. விளைவு முன்கூட்டித் தெரிந்த பந்தயத்தில் யாரும் பணங்கட்டார். நிச்சயமின்மையே பந்தயத் தொழிலின் மூலதனம். பார் லாப்போ அந்த நிச்சயமின்மையையே அழித்துவிட்டது.

1931 மெல்பேண் கிண்ணத்துக்கு அதற்கு விதிக்கப்பட்ட பாரம் 150 இறாத்தல். கார்பைன் சுமந்து வென்றதைவிட ஐந்து இறாத்தல் கூட. அதுவரை அப்பாரத்துடன் இக்கிண்ணத்தை வென்ற குதிரையே இல்லை. பார் லாப் எட்டாவதாக வந்தது. வென்ற வைற் நோஸ் சுமந்தது நூறு இறாத்தலுக்கும் குறைவு. இதனிடையே குத்தகைக் காலம் முடிந்திருந்தது. வென்ற பணத்திலிருந்து 4,000 பவுண் கொடுத்து ரெல்போர்ட் குதிரையிற் பாதி உரிமையை வாங்கியிருந்தார். 160 கினிக்கு வாங்கிய குட்டியின் பாதி, மூன்றாண்டிலே இவ்விலை பெற்றது. விலையேறக் காரணமாயிருந்த உழைப்பைச் செய்தவரே அவ்விலையைக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது.

கடல் கடந்த பயணம்

தாயகத்திலே பாரம் ஏறியது. பரிசுத் தொகையோ மந்தத்தினாற் குறைந்தது. டேவிஸ் குதிரையை வட அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். ரெல்போர்ட் உடன் செல்லவில்லை. பராமரிப்பாளர் வூட்கொக்கே பயிற்றுநராகச் சென்றார். இலக்கு, மெக்சிக்கோவின் எல்லை நகரான திஹுவானாவிலே நடைபெறும் அகுவா கலியன்ரே பந்தயம். கலிபோர்ணியாவில் அப்போது குதிரைப் பந்தயச் சூதும் மதுவும் தடைசெய்யப்பட்டிருந்தன. ஆகவே பணம் படைத்த அமெரிக்கர் எல்லை கடந்து சென்று இரண்டையும் பெற்றனர். ஒரு லட்சம் டொலராயிருந்த இப்பந்தயத்தின் பரிசும் அவ்வாண்டு பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. மந்தம் எல்லைகளை மதிக்கவில்லை.

பசும்புல் திடலில் ஓடிப் பழகிய குதிரை முதன்முறையாக மண்தரையில் ஓடவேண்டியிருந்தது. போதாததற்குப் பயிற்சியின்போது குளம்பிலே பிளவு ஏற்பட்டது. 1932 மார்ச் 20 ஆம் திகதி, 129 இறாத்தல் பாரத்துடன், பில்லி எலியட் ஓட்ட, பார் லாப் தொடக்கத்திற் பின்தங்கி, பின்னர் ஏனைய குதிரைகளின் வெளிப்புறமாகச் சுற்றி முன்னேறி, ஒன்றேகால் மைலை 2 நிமிடம் 2.8 செக்கனில் ஓடி வென்றது. அத்திடலின் புதிய சாதனை அது. அதற்கு முதல்நாள் சிட்னித் துறைமுகப் பாலம் திறந்துவைக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்து வந்த இரு செய்திகளும் அவுஸ்திரேலியப் பத்திரிகைகளுக்குப் பெருவிருந்தாயின.

அதற்குப்பின் பதினாறு நாட்களே குதிரைக்கு எஞ்சியிருந்தன.

மரணமும் சான்றும்

ஏப்ரல் 5 ஆம் திகதி அதிகாலை, கலிபோர்ணியாவில் மென்லோ பார்க் அருகே ஓய்வுக்காகத் தங்கவைக்கப்பட்டிருந்த பண்ணையிலே, வூட்கொக் குதிரையைக் கடும் வேதனையிலும் காய்ச்சலிலும் கண்டார். சில மணி நேரத்தில் இரத்தம் கசிய அது அவர் அருகிலேயே இறந்தது. வயது ஐந்தரை. உடலை அறுத்துப் பார்த்தபோது இரைப்பையும் குடலும் கடுமையாக அழன்றிருந்தன.

“அமெரிக்கர் நஞ்சிட்டுக் கொன்றனர்” என்ற குரல் அவுஸ்திரேலியாவிலே உடனே எழுந்தது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1917 இல் லெஸ் டார்சி என்ற அவுஸ்திரேலியக் குத்துச்சண்டை வீரர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் நோயுற்று இறந்தபோதும் இதே பேச்சு எழுந்திருந்தது. புதிய துயரம் பழைய கதையின் அச்சிலே வார்க்கப்பட்டது. மரங்களுக்குத் தெளித்த பூச்சிநாசினி புல்லிற் படிந்ததென்றனர் சிலர். கெட்டுப்போன தீனியென்றனர் சிலர். 2000 ஆம் ஆண்டிலே குதிரை மருத்துவ நிபுணர்கள், குடலைத் தாக்கும் கடுமையான நோயொன்றே காரணமாகலாம் எனக் கருதினர்.

2008 ஆம் ஆண்டு இவ்வழக்கு புதிய கட்டத்தை அடைந்தது. ஐவன் கெம்சன், டெர்மொட் ஹென்றி என்ற ஆய்வாளர் இருவர், பாடஞ்செய்து வைக்கப்பட்டிருந்த தோலின் பிடரிமயிரில் ஆறு இழைகளை எடுத்து, சிக்காக்கோ அருகேயுள்ள ஆய்வுகூடத்திலே செறிந்த எக்சுக்கதிர்களினால் ஆராய்ந்தனர். பாடஞ்செய்வோரும் ஆசனிக்கைப் பயன்படுத்துவதுண்டு; ஆகையால் மயிரிலே ஆசனிக்கு இருந்தது என்பது மட்டும் சான்றாகாது. அது வெளியிலிருந்து படிந்ததா, உயிருடன் இருந்தபோது இரத்தத்தின் வழியே வேரிற் சேர்ந்ததா என்பதே வினா. மயிரிலே அது பரவியிருந்த முறையைக் கொண்டு, இறப்பதற்கு 30 முதல் 40 மணி நேரத்திற்கு முன் குதிரை பெருமளவு ஆசனிக்கை உட்கொண்டது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

அப்படியாயின் கொலையா? அவ்வாறு உடனே முடிவுகட்ட முடியாது. அதே ஆண்டிலே ரெல்போர்ட்டின் மருந்துக் குறிப்பேடு ஏலத்துக்கு வந்தது. ஆசனிக்கு, காஞ்சிரையின் நஞ்சான ஸ்ரிக்னின், கொக்கெயின் முதலியவை கலந்த ஊக்கமருந்துகளின் செய்முறைகள் அதிற் காணப்பட்டன. அக்காலத்திலே குதிரைகளுக்குச் சிறு அளவில் இவற்றைக் கொடுப்பது பயிற்றுநரின் வழக்கம். வலுவூட்டுவதற்குக் கொடுத்த மருந்தே அளவு மீறி உயிரைப் போக்கியிருத்தல் கூடும். ஆய்வுகூடம் நமக்கு நஞ்சைக் காட்டியது, கையைக் காட்டவில்லை. பகைவன் கையா, அன்பன் கையா என்பதை மயிரிழை சொல்லாது. அறிவியற் சான்று எங்கே முடிகிறது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையைக் காத்தலே வரலாற்று மாணவனின் கடமையாகும்.

பங்கிடப்பட்ட உடல்

இறந்த குதிரையின் உடல் மூன்று இடங்களுக்குப் பங்கிடப்பட்டது. நியூயோர்க்கிலே பாடஞ்செய்யப்பட்ட தோல் மெல்பேண் நூதனசாலைக்குச் சென்றது. எலும்புக்கூடு பிறந்த நாடான நியூசிலாந்தின் வெலிங்ரன் நகருக்குச் சென்றது. இதயம் கன்பராவிலே பேணப்படுகின்றது. அவ்விதயத்தின் நிறை 6.2 கிலோகிராம் என்பர். சாதாரணப் பந்தயக் குதிரையின் இதயம் நான்கு கிலோகிராம் அளவினதே. அது உண்மையிற் பார் லாப்பின் இதயந்தானா என்று ஐயுறுவோரும் உளர். ஆயினும் துணிவும் தயாளமும் உடைய ஒருவரை ‘பார் லாப்பின் இதயம் படைத்தவர்’ என்று அவுஸ்திரேலியர் இன்றும் சொல்வர். சான்றுக்குட்படும் பொருள் ஐயத்துக்குரியதாயினும், மொழியிலே அதன் இடம் ஐயத்துக்குரியதன்று.

2010 ஆம் ஆண்டு மெல்பேண் கிண்ணத்தின் நூற்றைம்பதாவது பந்தயத்தையொட்டி, வெலிங்ரனிலிருந்து எலும்புக்கூடு கொண்டுவரப்பட்டுத் தோலின் அருகே வைக்கப்பட்டது. பிறந்த நாடும் வளர்ந்த நாடும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்ற காட்சி அது. உயிரோடிருந்தபோது பெருமளவு பொருளீட்டித் தந்த குதிரை, இறந்தபின் இரு தேசங்களுக்குப் பெருமையை ஈட்டித் தருகின்றது.

முடிவுரை

பார் லாப்பின் வாழ்வை மீள நோக்கும்போது மூவகை உறவுகள் தெளிவாகின்றன. ஒன்று உடைமை உறவு: நம்பிக்கையின்றிக் கைவிட்டவரும் பயனில் மூன்றிலொரு பங்கு பெற்றார். மற்றொன்று உழைப்பு உறவு: பங்கேதும் பெறாதவர் துப்பாக்கியின் முன் தம் உடலை வைத்தார். மூன்றாவது நினைவு உறவு: வாழ்ந்தபோது சுமையேற்றிய சமூகம், இறந்தபின் கண்ணாடிப் பேழையிலே வைத்து வணங்குகின்றது. இம்மூன்றும் குதிரைக்கு மட்டும் உரியனவா என்பதைப் படிப்போர் சிந்திப்பாராக.

வூட்கொக் பிற்காலத்திலே தாமே பயிற்றுநராகி, 1977 இல் மெல்பேண் கிண்ணத்தில் இரண்டாவதாக வந்த ரெக்லெஸ் என்ற குதிரையை உருவாக்கினார். 1985 இல் அவர் காலமானார். ஆயினும் அவர் பெயர் இன்றும் சொல்லப்படுவது, ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாலையிலே ஒரு குதிரையின் அருகே நின்றவர் என்பதற்காகவே. “எழுத என்ன இருக்கிறது?” என்று கேட்ட நண்பருக்கு நான் கூறக்கூடிய விடையும் அதுவே. ஓடியது குதிரை, அதன் அருகே நின்றவர்களையும், அதன்மேற் பாரம் ஏற்றியவர்களையும், அதனால் இலாபம் பெற்றவர்களையும் நாம் இன்னும் முழுமையாக எழுதி முடிக்கவில்லை.